மைனரும் வான்டன் மீயும்

கெடாவில் ஹார்வார்டில் படித்தவர்கள் ஏராளம். இவர்களில் யாரும் அமெரிக்காவுக்கு விமானம் ஏறியதில்லை. பீடோங் பக்கம் அமெரிக்க ரப்பர் கம்பெனி வைத்திருந்த ஹார்வார்ட் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில், மூக்கு ஒழுக ஒழுகச் சிலேட்டோடு உட்கார்ந்து எழுந்தவர்கள். டப்ளின், விக்டோரியா, ஹென்ரியட்டா என்று எங்கள் கித்தாக் காடுகளுக்கு வாய்த்த பெயர்களை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. "நான் விக்டோரியாவுல வாழ்க்கப்பட்டேன், எந் தங்கச்சி டப்ளினுக்குப் போயிட்டா" என்று ஒரு பாட்டி சொன்னால், கேட்கிற வெளியூர்க்காரர் அது ஏதோ கப்பல் முதலாளி வீடு என்றுதான் நினைத்துக்கொள்வார்.

ஆங்கிலச் சொற்கள் எங்களிடம் இப்படித்தான் வந்து சேர்ந்தன. ஒலி முதலில் வரும், பொருள் எப்போதாவது பின்னால் வரும், வராமலே போனாலும் யாரும் தேடமாட்டார்கள். மைனர் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்கு ஒரு மைனர் கட்டாயம் இருப்பார். எங்கள் தோட்டத்தில் அவர் லாரி ஓட்டினார். தலையில் பிரில்கிரீம் வழிய, கழுத்தில் அவர் பெயராலேயே வழங்கிய மைனர் செயின் மின்ன, ராலே சைக்கிளைத் துடைத்துத் துடைத்து எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை சாயங்காலம் குழாயடியில் பெண்கள் வாளியோடு வரிசை நிற்கும் நேரம் பார்த்து மணி அடிக்காமல் மெள்ள உருட்டிப் போவார். "மைனரு கெளம்பிட்டாருடி" என்று ஒரு கிழவி வெற்றிலையைத் துப்புவாள். குமரிகள் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு அதனாலேயே கூடுதலாகச் சிரிப்பார்கள். மைனர் ஒன்றும் செய்ததாக எனக்கு நினைவில்லை. உருட்டிப் போவார், திரும்பி உருட்டி வருவார், அவ்வளவுதான். அதற்கே அந்தப் பட்டம்.

ஆங்கிலத்தில் மைனர் என்றால் வயது நிரம்பாத பிள்ளை என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. தமிழ்நாட்டில் ஜமீன்தார் கண்ணை மூடி, வாரிசு சிறுபிள்ளையாக இருந்தால், வெள்ளைக்கார சர்க்கார் கோர்ட் ஆப் வார்ட்ஸ் என்ற ஏற்பாட்டின் கீழ் சொத்தை எடுத்துப் பராமரிக்கும்; பையன் மைனர் ஜமீன்தார் ஆகிவிடுவான். கையில் காசு உண்டு, தட்டிக் கேட்க அப்பன் இல்லை, பிறகு கேட்பானேன். சட்டப் புத்தகத்துச் சொல் சதிர்க் கச்சேரி பார்க்கப் போய், சல்லாபக்காரனைக் குறிக்கும் சொல்லாகி, நாகப்பட்டினத்தில் கப்பலேறி, கெடாவில் ஒரு லாரி டிரைவரின் தலையில் வந்து இறங்கியது.

மைனரின் வியாதிக்கு எங்கள் தோட்டத்தில் வேறு பெயர்களுக்கும் பஞ்சமில்லை. தமிழில் அரிப்பு, தினவு, கொழுப்பு. மலாய்க்காரர் காத்தால் என்பார்கள், அதுவும் அரிப்புதான். இன்னும் கொஞ்சம் நுணுக்கமாகச் சொல்லவேண்டுமானால் மியாங் என்பார்கள். மூங்கில் தோலில் ஒட்டியிருக்குமே பொடிப்பொடியான சுணை, பட்டால் உடம்பெல்லாம் நமநமக்குமே, அந்தச் சுணைக்கும் அதுதான் பெயர். சீனர் ஹம்சாப் என்பார்கள், அதற்கு உப்பும் ஈரமும் என்று பொருள். இது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. உப்புப் போட்டுச் சோறு தின்கிறவனுக்கு ரோஷம் வரும் என்றல்லவா எங்களுக்குச் சொல்லி வளர்த்தார்கள். கான்டனில் அதே உப்பு வேறு பக்கம் வேலை செய்திருக்கிறது. ஆக, ஒரு பத்து வயதுப் பையன் காலையில் பெரட்டுக் களத்திலிருந்து சாயங்காலம் கள்ளுக்கடை வாசல் வரை ஒரு நடை நடந்து வந்தால், ஒரே சமாசாரத்துக்கு மூன்று மொழியில் அரை டஜன் சொற்களோடு வீடு திரும்பலாம். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் மட்டும் முதுகில் விழும்.

பலகைச் சுவர் லயத்தில் ரகசியம் என்று ஒன்று இருந்ததில்லை. பக்கத்து வீட்டு மாமா இருமினால் எங்கள் வீட்டு விளக்கு நடுங்கும். எல்லாம் காதில் விழும், எதுவும் பேச்சில் வராது. பள்ளிக்கூடத்திலும் அப்படியே. திருக்குறளில் அறத்துப்பால் உண்டு, பொருட்பால் உண்டு, மூன்றாவது பால் வந்ததும் வாத்தியார் புத்தகத்தை மூடிவிட்டு எங்களைப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பிவிடுவார். வள்ளுவர் மெனக்கெட்டு 250 குறள் எழுதியது எங்கள் பள்ளித் தோட்டத்துச் செம்பருத்திக்குத்தான் பயன்பட்டது.

படம் போடும் இரவுகள் மட்டும் விதிவிலக்கு. திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டி, டவுனிலிருந்து வேனில் மிஷினோடு ஆள் வருவார். சாக்கும் பாயும் போட்டு முன்பக்கம் இடம் பிடித்தவர்கள் பாக்கியசாலிகள்; தாமதமாக வந்த நாங்கள் துணியின் பின்பக்கம் உட்கார்வோம், அங்கே எம்.ஜி.ஆர். இடது கையால் கத்தி சுழற்றுவார். மழையில் நனையும் பாட்டு வந்தால், "கண்ண மூடுங்கடா பயலுவளா" என்று ஒரு பாட்டி குரல் கொடுப்பாள், தன் கண்ணை மூடாமல். பின்பக்கம் உட்கார்ந்த எங்களை யாரும் கண்டுகொண்டதில்லை. இடது வலது மாறினாலும் மழை மழைதானே. இன்றைக்குச் சுவரளவு தொலைக்காட்சியில், எந்த நேரமும், எந்த நடிகையும் நனைகிறாள். நான் பாதியில் தூங்கிவிடுகிறேன். வயசு ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். பாட்டியின் குரல் இல்லாததும் ஒரு காரணம்.

தமிழ்ப்பள்ளி முடிந்து, சுங்கைப்பட்டாணியில் ஆங்கிலப் பள்ளியில் புகுமுக வகுப்பில் உட்கார்ந்தபோது அறுபதுகளின் பிற்பகுதி. ஒரு வருஷம் முழுக்க ஆங்கிலத்தைக் கரைத்துப் புகட்டுவார்கள். அங்கேதான் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு முழு அகராதியைத் தொட்டேன். நூலகத்தில் அந்தத் தடிப் புத்தகம் யார் தொட்டாலும் குறிப்பிட்ட சில பக்கங்களில் தானாக விரியும். எனக்கு முன் வந்த எத்தனையோ கல்விமான்களின் கட்டைவிரல் அழுக்கு அந்தப் பக்கங்களில் பதிந்திருந்தது. லஸ்ட் என்று பார்த்தால் லூட் என்றிருக்கும். லூட் என்றால் லஸிவியஸ். லஸிவியஸ் என்றால் வான்டன். வான்டன் என்றால் லூட், லஸ்ட்புல். பால்மரம் வெட்டப் போகிறவர் நிரை முழுதும் நடந்து, கடைசியில் முதல் மரத்துக்கே வந்து நிற்பது மாதிரி, வழியில் ஒரு மரமும் பால் விடவில்லை. அகராதி எழுதிய வெள்ளைக்காரரும் எங்கள் வாத்தியார்தான், சிலேட்டுக்குப் பதில் அச்சு வைத்திருந்தார் என்பது அந்த வயதில் புரியவில்லை. ஆனால் அந்த வரிசையில் வான்டன் என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. சொல்லும்போது வாய் உருண்டு திறந்து மூடும். குமுதத்தில் ஜெயராஜ் வரைந்த பெண்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்கு இனி ஒரு முறையான ஆங்கிலச் சொல் கிடைத்தது என்று ஒரு நிம்மதி.

நிம்மதி சம்பள நாள் வரைதான் நீடித்தது.

இங்கே என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அவர் கள்ளைத் தொடாதவர், சீட்டைத் தொடாதவர், மைனர் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி மறுபக்கம் பார்த்து நிற்பவர். ஜப்பான்காரன் போன கையோடு, 1946, 47 வாக்கில், ஹார்வார்ட் தோட்டத்து ஏ.எம். சாமி முன்னின்று கட்டிய தொண்டர் படையில் அவர் வாலிபராக இருந்தார். அரைக்கால் சட்டையோடு அணிவகுத்துப் பழகினார்கள், கள்ளுக்கடைகளுக்கு எதிரே மறியல் செய்தார்கள், குடித்துவிட்டு வீட்டில் கை நீட்டுகிறவனை இழுத்து வைத்துக் கேட்டார்கள். 1947 தொடக்கத்தில் பீடோங்கில் கள்ளுக்கடை விவகாரம் போலீசாரோடு மோதலாக வெடித்து, பிறகு படையே அடக்கப்பட்டது. படை போனாலும் அப்பாவிடமிருந்து கட்டுப்பாடு போகவில்லை. வீட்டில் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் தொண்டர் படையைத் தொடர்ந்து நடத்தினார்.

அந்த அப்பா, சம்பள நாளன்று சுங்கைப்பட்டாணி அஞ்சடியில் ஒரு சீனர் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நிமிர்ந்து பார்த்தேன். பலகையில் சிவப்புப் பெயின்டில், அகராதியில் இருந்த அதே ஆறு எழுத்து, பக்கத்தில் மீ. அதன் கீழே ஒரு சீனத் தாய் இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து குச்சியால் வாரி ஊட்டிக்கொண்டிருந்தாள், உடுப்போடு ஒரு போலீஸ்காரர் சூப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். காமாந்தகார மீ. பட்டப்பகலில், சில்லறைக் காசுக்கு.

"என்னடா முழிக்கிற? உக்காரு" என்றார் அப்பா.

"எனக்கு வேணாம்பா."

"வேணாமா? வீட்டுக்குப் போனா சம்பல் கருவாடுதான் இருக்கு." பிறகு கடைக்காரரிடம், "தவுக்கே, மீ டுவா, பாபி தா மாவ்" என்றார். பன்றி இறைச்சிதான் வேண்டாம், மற்றதெல்லாம் வரட்டும் என்று அர்த்தம். வந்தது. கறுப்புச் சோயாவில் புரண்ட மஞ்சள் மீ, நாலு இலைக் கீரை, காடியில் ஊறிய பச்சை மிளகாய், தனிக் கிண்ணத்தில் சூப், அதில் மிதக்கும் மெத்தென்ற கொழுக்கட்டைகள். அதற்குள் வைத்திருந்தது எது என்று அப்பா கேட்கவில்லை, தவுக்கேயும் சொல்லவில்லை. தொண்டர் படை வீரர் அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து மிளகாயைக் கடித்து, மூக்கை உறிஞ்சி, "நல்லாருக்குல்ல?" என்றார். நல்லாத்தான் இருந்தது. அன்றைக்குச் சாப்பிட்ட சுவை எந்த ஒழுக்கமான உணவிலும் எனக்குப் பிறகு கிடைக்கவில்லை.

பலகையில் இருந்த வான்டன் கான்டனியர் சொல், ஆங்கிலத்தோடு அதற்கு உறவே இல்லை, மேகத்தை விழுங்குவது என்ற பொருள் வரும்படி இரண்டு சீன எழுத்துகளில் எழுதுவார்கள் என்று பிறகு ஒரு சீன நண்பன் சொன்னான். சூப்பில் அந்தக் கொழுக்கட்டை மிதப்பதைப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான். பெயின்டர் எப்படி உச்சரித்தாரோ அப்படியே ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். இங்கிலாந்தில் அந்த எழுத்துக்கூட்டு எழுநூறு வருஷமாக என்ன பாடு படுகிறது என்று அவருக்கு என்ன வந்தது?

என்ன பாடு என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஆறாம் படிவத்தில் லியர் மன்னன் நாடகம் நடத்திய யாழ்ப்பாணத்து ஆசிரியர். வெள்ளைச் சட்டை, கறுப்புக் குடை, கணுக்கால் தெரியாத கால்சட்டை. நாலாம் அங்கத்தில் ஈக்களைப் பிடித்துக் கொல்லும் பையன்களைப் பற்றி ஒரு வரி வருகிறது. அந்தப் பையன்களுக்கு ஷேக்ஸ்பியர் போட்ட அடைமொழி என் பழைய சிநேகிதமான வான்டன். வாசித்துக்கொண்டிருந்த நான் நிறுத்திவிட்டேன். பின்வரிசையில் கனைப்பு.

"தம்பி, ஏன் நிப்பாட்டினீர்?"

"சார்... பையங்களுக்கு இந்த வார்த்தை..."

"ஓ. இரும். நீர் நினைக்கிற விசயம் இதுக்குள்ள இல்லை."

கரும்பலகையில் சொல்லை இரண்டாக வெட்டினார். முன்பாதி இல்லாமையைச் சொல்வது. பின்பாதி பழைய ஆங்கிலத்தில் இழுத்து, நடத்தி, பழக்கி வளர்த்ததைச் சொல்வது. சேர்த்தால் வளர்ப்புச் சரியில்லாதது. 1300 வாக்கில் சொல் பேச்சுக் கேட்காத பிள்ளையைத்தான் இப்படித் திட்டினார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் படுக்கையறைக்குப் போய்விட்டது. இழுத்து நடத்துவது என்ற அந்த வேர்தான் லத்தீன் பக்கமாகப் போய், நாங்கள் எந்தக் காரியத்துக்காக அங்கே உட்கார்ந்திருந்தோமோ அந்த எஜுகேஷனையும் பெற்றது என்று சொல்லிவிட்டுக் கையிலிருந்த சாக்குக்கட்டித் தூளை ஊதினார். சாசரின் கான்டர்பரி யாத்திரையில் வரும் பிட்சைத் துறவிக்கும் இதே அடைமொழிதான், அங்கே குஷாலான ஆள் என்கிற அளவில் ஒரு செல்லத் தொனியோடு. "ஆனா பொம்பிளைக்கு இதைச் சொன்னா அவள் கெட்டுப்போனவள். பாத்தீரே? ஆம்பிளை விளையாட்டுப் பிள்ளை, பொம்பிளை தட்டுவாணி. எந்த ஊரிலயும் இதுதான் கணக்கு" என்றார். அந்த வகுப்பில் மாணவிகள் இருந்தார்கள். அவர்கள் முன்னால் அதை ஒரு ஆசிரியர் 1970-களின் சுங்கைப்பட்டாணியில் சொன்னது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

அன்றிலிருந்து இந்த மாதிரிச் சொற்களைத் துருவிப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. என் மனைவி அதைக் காத்தால் என்பாள். லூட் என்பது முதலில் பாதிரியார் அல்லாதவனைக் குறித்தது, பிறகு எழுத்துவாசனை இல்லாதவனை, பிறகுதான் காமுகனை. லெச்சர் என்பவன் பிரெஞ்சில் வெறுமனே நக்குகிறவன். லஸிவியஸ் லத்தீனில் விளையாட்டுத்தனம். லஸ்ட் ஜெர்மன்காரனுக்கு இன்றைக்கும் சாதாரணமான ஆசை, மகிழ்ச்சி. ராண்டி ஸ்காட்லாந்தில் வாய்த்துடுக்கான நாடோடிப் பிச்சைக்காரர்களுக்குச் சொன்ன வசவு. அமெரிக்கர்கள் அந்தப் பெயரைச் சங்கடமில்லாமல் பிள்ளைக்கு வைத்துக் கூப்பிடுகிறார்கள், இங்கிலீஷ்காரர்கள் கைக்குட்டைக்குள் சிரிக்கிறார்கள். மைனரையும் இந்த வரிசையில் நிறுத்திப் பாருங்கள். வயசுக்கு வராதவன், வளர்ப்புச் சரியில்லாதவன், விளையாட்டுப் பிள்ளை, எழுத்தறியாதவன். காமத்தைச் சொல்ல வந்த சொற்களெல்லாம் சுற்றி வளைத்துப் பள்ளிக்கூடம் போகாத பையனைத்தான் பிடித்துக்கொண்டு வருகின்றன. அகராதி எழுதியவன் படித்தவன், வேறெப்படி எழுதுவான்? மலாய்க்காரரும் நம் கிழவிகளும் இந்த வம்பே வேண்டாம் என்று அரிப்பு என்று சொல்லிவிட்டார்கள். யாருக்கு வேண்டுமானாலும் அரிக்கும், துரைக்கும் அரிக்கும், படிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. என் ஓட்டு இவர்களுக்குத்தான்.

இன்னொரு வேடிக்கை. 1860-இன் இந்தியச் சட்டத்தைப் பார்த்து எழுதிய நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் 153-ஆம் பிரிவு, கலகம் மூட்டும் எண்ணத்தோடு ஆத்திரமூட்டுவதைக் குற்றம் என்கிறது. அந்தப் பிரிவின் ஆங்கிலத் தலைப்பிலும் வான்டன் என்ற சொல்லின் வினையடைதான் முதலில் நிற்கிறது. பத்திரிகை ஆங்கிலத்தில் இன்றைக்கு அது பெரும்பாலும் வீண் நாசத்துக்கும் ஈவிரக்கமற்ற கொடுமைக்கும்தான் வருகிறது. காமம் பழைய நாவல்களில் தங்கிவிட்டது. மறியலுக்குப் போன தொண்டர் படைப் பிள்ளைகளைப்போலக் கட்டுப்பாடாக வளர்ந்தவர்கள் எங்கள் பக்கத்தில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவர்களை அடக்கிய அரசின் சட்டப் புத்தகத்தில் வளர்ப்புச் சரியில்லாதவனின் சொல் ஏற்கெனவே தயாராக உட்கார்ந்திருந்தது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

இப்போது நான் கூலிமில் மகன் வீட்டில் இருக்கிறேன். 1996-இல் திறந்த ஹைடெக் பார்க்கில் அவனுக்கு வேலை; சில்லு செய்கிறார்களாம், கண்ணுக்குத் தெரியாத அளவில். ஒரு நாள் பசியாறும்போது பேத்தி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, "தாத்தா, இன்னிக்கு வேர்ட் ஆப் த டே வான்டன்" என்றாள். எனக்குத் தொண்டையில் தோசை நின்றது. மகனும் மருமகளும் எதிரே. அவள் ஒரு பொத்தானைத் தொட, ஒரு வெள்ளைக்காரப் பெண் குரல் அந்தச் சொல்லை இரண்டு தரம் தெளிவாக உச்சரித்தது. பிறகு பொருள், வரலாறு, உதாரண வாக்கியம், எல்லாம் ஒரே திரையில். கட்டைவிரல் அழுக்கு இல்லை, சுற்றுவழி இல்லை, முதுகில் ஒன்று விழவும் இல்லை. "ஓ, அப்படியா. நான் மீன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். நான் மீயிலிருந்து காமத்தைப் பிரித்தெடுக்கப் பட்ட பாடு, அவளுக்கு விரல் நகர்த்தும் நேரம். நல்லதுதான். எனக்குத்தான் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

மீக்கடைகளில் இப்போது பெரும்பாலும் மலாய் எழுத்துக்கூட்டுப்படி வாந்தான் என்றே எழுதுகிறார்கள். தட்டு ஏழெட்டு வெள்ளி. சில கடைகளில் பலகைகூட இல்லை, மேசையில் ஒட்டிய கறுப்புக் கட்டத்தைக் கைப்பேசியால் படமெடுத்தால் பட்டியல் வரும். மிளகாய் மட்டும் பழைய மிளகாய். கித்தாக் காடுகள் செம்பனையாகின, செம்பனையில் பாதி வீடமைப்புத் திட்டமானது. குழாயடி ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய்விட்டதால் மைனர் உருட்டிப் போக இடமில்லை. சொல்லும் அவரோடு போயிற்று, பேத்தியிடம் மைனர் என்றால் சுரங்கத் தொழிலாளியா என்கிறாள்.

மங்கு, காண்டா, நிரை, பெரட்டு, ஆயக்கொட்டாய் என்று தோட்டச் சொற்களைத் தொகுத்து வைத்தவர்கள் இருக்கிறார்கள், புண்ணியவான்கள். நான் பார்த்த அளவில் அந்தத் தொகுப்புகளெல்லாம் எங்கள் வாத்தியார் மாதிரி மூன்றாம் பாலுக்கு முன்னால் முடிந்துவிடுகின்றன. கிழவிகள் குழாயடியில் வெற்றிலையோடு துப்பிய சொற்கள் எந்த அகராதியிலும் ஏறவில்லை. சொன்னவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பாட்டி ஒருத்தி இருந்தால் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். பேரன் கேட்டால் அடிப்பாள், பேத்தியை அனுப்புங்கள்.